கூடைக்குக் கஞ்சி போட்டவன்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் வணக்கம்.

கிள்ளானில் நம் கூடைக் கிடங்கின் முதலாளி போன வாரம் என் வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்தார். பிறகு, "அங்கிள், புதுசா வந்த பிள்ளைங்களுக்குக் கூடைய எப்படிப் பாத்துக்கணும்னு ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க லா. உங்களுக்கும் பொழுது போகும்," என்றார். எனக்குப் பொழுது போகவில்லை என்று நான் அவரிடம் எப்போதும் சொன்னதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

எழுதுவதற்கு முன்னால் கிடங்கை ஒரு தரம் பார்த்துவிடலாம் என்று வந்தேன். மெங்குவாங் என்கிற தாழை ஓலைக் கூடைகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, சிமெண்டுத் தரையில் சுவரை ஒட்டி அடுக்கியிருந்தீர்கள். ஒருவர் ரோத்தான் பிரம்புக் கூடையை விளிம்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார். உங்களை யாராவது காதைப் பிடித்துத் தூக்கினால் எப்படி இருக்கும் என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. சுபாங் ஜெயாவில் ஒரு பூக்கடைக்குப் போக வேண்டிய இருபது பழைய கூடைகளுக்கு யாரோ வார்னிஷ் பூசியிருந்தார்கள். பூஞ்சணத்தைத் துடைக்காமல் அதன் மேலேயே பூசியிருந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. யார் பூசியது என்று கேட்டேன். ஐந்து பேரும் கூரையைப் பார்த்தீர்கள்.

அப்படி நிற்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. நானும் ஒரு நாள் அப்படித்தான் நின்றேன். ஆகவே கூடை கழுவுவது எப்படி, தூசி தட்டுவது எப்படி என்பதை எல்லாம் நான் எழுதப் போவதில்லை. அது கிடங்குச் சுவரில் அட்டையில் எழுதி மாட்டியிருக்கிறது. நீங்கள் சட்டை மாட்டும் ஆணிக்குப் பின்னால் இருக்கிறது. வேறு ஒன்றைச் சொல்கிறேன்.

ஜப்பான்காரன் காலத்தில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை இருந்தது. பந்திங் பக்கமிருந்து லோரியிலும், கிள்ளானிலிருந்து ரயிலிலும் மரவள்ளிக்கிழங்கும் சர்க்கரைவள்ளியும் கீரையும் ராணுவத்துக்கு வரும். சாக்குப் பை கிடைக்காத காலம். எல்லாம் ரோத்தான் கூடையில்தான் வந்தது. காலியான கூடைகளைக் கழுவி, காயவைத்து, பிய்ந்ததைப் பின்னி, மறுபடி அனுப்புவது எங்கள் வேலை.

நான் கூடைமேல் ஆசைப்பட்டு இந்தத் தொழிலுக்கு வரவில்லை. சண்டைக்கு முன்னால் நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு டோபி கடையில் இருந்தேன். வெள்ளைக்காரத் துரைகளின் கால்சட்டைக்கும் கோட்டுக்கும் கஞ்சி போட்டு, பெட்டி போட்டுக் கொடுப்பேன். நான் கஞ்சி போட்ட கால்சட்டை ஆள் இல்லாமலே நிற்கும் என்று கடையில் பெயர் வாங்கியிருந்தேன். துரைகள் ஓடிப்போனார்கள். கஞ்சி போட்ட கால்சட்டைக்குத் தேவையும் அவர்களோடு போய்விட்டது.

கூடைக் கொட்டகையில் வேலை செய்தால் முத்திரை குத்திய துணிப்பட்டை ஒன்று கொடுத்தார்கள். அதைக் கையில் கட்டியிருப்பவனைத் தெருவில் பிடித்துச் சயாமுக்கு அனுப்ப மாட்டார்கள். சயாமில் காட்டுக்குள் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்த சமயம். எஸ்டேட்டுகளிலிருந்து லோரி லோரியாக ஏற்றினார்கள். போனவர்களிடமிருந்து கடிதம் வரவில்லை. அந்தத் துணிப்பட்டைக்காகத்தான் நான் இந்தத் தொழிலுக்கு வந்தேன்.

கொட்டகையில் நாங்கள் மூன்று பேர். ஆளுக்கு நூறு கூடை பொறுப்பு. கூடையின் அடியில் அவரவர் நம்பரைக் கறுப்புச் சாயத்தில் எழுதியிருக்கும். கூடை கெட்டால் யாரைக் கேட்பது என்று கொட்டகையைப் பார்த்துக்கொண்ட ஜப்பான் அதிகாரி யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஒன்றாம் நம்பர், அக்கா. சண்டைக்கு முன்னால் கிள்ளானில் ஒரு நாற்காலிக் கடைக்குப் பிரம்பு பின்னிக்கொண்டிருந்தவர். என்னைவிட இரண்டு வயது சின்னவர். ஆனாலும் எல்லாரும் அக்கா என்றே கூப்பிட்டோம். நான் அவரை அக்கா என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். அதில் யாருக்கும் சங்கடம் இருந்ததில்லை. அவருடைய பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது.

இரண்டாம் நம்பர் நான்.

மூன்றாம் நம்பர், சன்னாசி அண்ணன். ரயில்வே லயத்தில் குடியிருந்தார். மனைவி, மூன்று பெண் பிள்ளைகள். பழைய ரயில்வே கூலி. நல்ல மனுஷன், ஆனால் யார் எதைச் சொன்னாலும் அப்படியே செய்கிற மனுஷன். நான் சொன்னால் இன்னும் சீக்கிரம் செய்வார். தம்பி படித்தவன் என்று என்மேல் ஒரு மதிப்பு. நான் மூன்றாம் வகுப்பு.

இவர்களைத் தவிர, கணக்கெழுதுகிற ஒரு கிராணி. ஜப்பான் மொழி ராப்பள்ளியில் சேர்ந்து கற்றுக்கொண்டு, அதிகாரி சொல்வதை எங்களுக்குத் தமிழில் சொல்வார். நல்லதோ கெட்டதோ ஒரே குரலில் சொல்வார்.

ஒரு நாள் பிளாட்பாரத்தில் அதிகாரி நடந்து போகும்போது அவர் காலடியில் ஒரு கூடை சரிந்தது. சர்க்கரைவள்ளிக்கிழங்கு உருண்டு அவருடைய பூட்ஸைச் சுற்றி நின்றது. அவர் கிழங்கைப் பார்க்கவில்லை, கூடையைப் பார்த்தார். எல்லாம் பழைய கூடைகள். ஓயாமல் நனைந்து நனைந்து பக்கமெல்லாம் தளர்ந்து, வயதானவர் வாய் போல உள்ளே போயிருந்தன. சாயங்காலம் கிராணி வந்து சொன்னார். பத்து நாளில் அதிகாரி வந்து கூடைகளைப் பார்ப்பார். காலிக் கூடை நேராக நிற்க வேண்டும். பிரம்பால் தொட்டால் சாயக் கூடாது. சாய்ந்த கூடையில் எந்த நம்பர் இருக்கிறதோ அந்த ஆளின் துணிப்பட்டை போய்விடும்.

அக்காவுக்கு வழி தெரியும். கூடையை ஊறவைத்து, வளைந்ததை நிமிர்த்தி, உள்ளே கல் வைத்து, நிழலில் மெதுவாக உலர்த்த வேண்டும். கூடைக்கு எலும்பு போல நிற்கிற விலா உடைந்திருந்தால் புதுப் பிரம்பு செருக வேண்டும். ஆனால் ஓர் ஆளால் ஒரு நாளைக்கு நாலு கூடைதான் முடியும். பத்து நாளில் நாற்பது. முந்நூறு கூடைக்கு மூன்று பேர் என்று நான் வாய்க்குள் பெருக்கிப் பார்த்தேன். எப்படிப் பெருக்கினாலும் சயாம்தான் வந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. துணி தளர்ந்தால் என்ன செய்வோம்?

கொட்டகையில் அழுகின, நசுங்கின மரவள்ளிக்கிழங்கு ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். நல்ல பாகத்தை அறுத்து எடுத்து, துருவி, பிழிந்து, காய்ச்சினேன். டோபி கடையில் காய்ச்சுவதைவிடக் கெட்டியாகக் காய்ச்சினேன். நீலம் கலக்கலாமா என்றுகூட யோசித்தேன், நீலம் கிடைக்கவில்லை. ஒரு கூடையை முக்கி எடுத்து வெயிலில் வைத்தேன். மத்தியானத்துக்குள் விறைத்துக்கொண்டது. விரலால் தட்டினால் டொக் டொக் என்று சத்தம். இளைத்த கூடை, துரை கால்சட்டை மாதிரி நின்றது. எனக்கு ஒரே சந்தோஷம்.

அக்கா வந்து பார்த்தார். கூடையை மோந்து பார்த்தார்.

"துணிக்குப் போட்ட கஞ்சிய நாலு நாள்ல துவைச்சிடுறோம் அண்ணே. இத யாரு துவைக்கிறது? இது கூடைக்குப் பலம் இல்ல, பூச்சிக்குச் சாப்பாடு," என்றார்.

பத்து நாள் முடிந்தபிறகு பூச்சியைப் பற்றிப் பேசலாம் என்றேன். அவர் தன் கூடைகளுக்குக் கஞ்சி வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கல்லைக் கழுவப் போய்விட்டார்.

சன்னாசி அண்ணன் என் கூடையைத் தட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "என்னோடதுக்கும் போட்டுக் குடு தம்பி," என்றார். போட்டுக் கொடுத்தேன். ஆறு நாள் இருவரும் கஞ்சி காய்ச்சினோம். அந்த ஆறு நாளில் ஒரு நாள் அவர் பானைப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். பிறகு, பிள்ளைகளுக்கு ஒரு தகர டின் கஞ்சி கொண்டுபோகட்டுமா என்று கேட்டார். அப்போது அவர் வீட்டில் அரிசி கிடையாது. யார் வீட்டிலும் கிடையாது. நான் கூடைகளை எண்ணிப் பார்த்தேன். இன்னும் முப்பது பாக்கி. பத்தாது அண்ணே, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுக் கூடையைப் பிடிக்க வந்தார். ஐம்பது வருஷத் தொழிலில் நான் செய்த தப்புகளில் முதல் இடம் எதற்கு என்று கேட்டால், கூடைக்குக் கஞ்சி போட்டதற்கு அல்ல, இதற்குத்தான் கொடுப்பேன்.

பத்தாம் நாள் அதிகாரி வந்தார். என் நூறும் சன்னாசி அண்ணனின் நூறும் அணிவகுப்பில் நிற்கும் சிப்பாய்கள் போல நின்றன. பிரம்பால் தட்டினார். டொக். அடுத்தது. டொக். அவருக்கு அந்தச் சத்தம் பிடித்துப்போய்விட்டது, தேவைக்கு மேலேயே தட்டினார். அக்காவுடையதில் நாற்பதுதான் தரையில் நின்றன. மீதி எங்கே என்று கேட்டார். அக்கா தொட்டியைக் காட்டினார். அறுபதும் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தன. கழுவிக்கொண்டிருக்கிறோம் என்றார். ஈரக் கூடையைத் தட்டிப் பார்க்க முடியாது. அதிகாரி தொட்டியை எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். சுத்தத்தை மதிக்கிறவர். இப்படி நேர்மையாக நாள் வாங்குவதும் ஒரு திறமைதான் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. அக்கா தப்பித்துக்கொண்டார் என்றுதான் நினைத்தேன்.

அன்று சாயங்காலமே கிராணி வந்து நான்தான் இனிமேல் கொட்டகைக்கு மேஸ்திரி, மண்டோர் என்றார். அதே குரலில் இன்னொன்றும் சொன்னார். மூன்று வாரத்தில் பெரிய அதிகாரி ஒருவர் வருகிறார். விறைப்பாக நிற்கிற இருநூறு கூடைகளிலும் காய்கறி நிரப்பி, அவர் பார்வைக்குப் பிளாட்பாரத்தில் வரிசையாக வைக்க வேண்டும். அதுவரை அந்தக் கூடைகளை யாரும் உபயோகிக்கக் கூடாது.

உள்ளறையில் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி அடுக்கினோம். என் அடுக்கு ஜன்னல் பக்கம். சன்னாசி அண்ணனின் அடுக்கு பின்சுவர் பக்கம். சுவருக்கு அந்தப் புறம்தான் தண்ணீர்த் தொட்டி. மழைக்காலம் வேறு, மத்தியானம் ஆனால் கொட்டிவிடும். அக்கா ஒரு நாள் அந்த அறையின் வாசலில் நின்றுகொண்டு, கூடைகளைப் பிரித்துக் காற்றில் மாட்டலாமே என்றார். யாரும் தொடக் கூடாது என்பது அதிகாரி உத்தரவு என்று சொன்னேன். உபயோகிக்கக் கூடாது என்பதுதான் உத்தரவு. தொடக் கூடாது என்பதை நான் சேர்த்துக்கொண்டேன். நான் மண்டோராகி அப்போது ஐந்து நாள்.

அந்த மூன்று வாரத்தில் அக்கா ஒரு நாளைக்கு நாலாக மீதி அறுபதையும் நிமிர்த்திவிட்டார். அவை டொக் என்று சத்தம் போடவில்லை. சுமை ஏற்றி அனுப்பினால் போய்விட்டுத் திரும்பி வந்தன.

பெரிய அதிகாரி வருவதற்கு முதல் நாள், புதன்கிழமை காலை, எங்கள் அதிகாரி உள்ளறைக்கு வந்தார். என் அடுக்கைப் பிரித்தார்கள். வெள்ளையாகப் பூஞ்சணம் படிந்திருந்தது. சட்டைக் கையால் துடைத்தேன், போய்விட்டது. பிறகு சன்னாசி அண்ணனின் அடுக்கைப் பிரித்தார்கள். முதல் கூடையைத் தூக்கியதும் கரப்பான்பூச்சி கொட்டியது. உள்ளே ஒரே கறுப்பு. எலி விளிம்பைச் சுற்றிலும் கரும்பு தின்கிற மாதிரி தின்றிருந்தது. மூன்றாவது கூடையைத் தூக்கும்போது அடிப்பாகம் தரையிலேயே தங்கிவிட்டது. அதிகாரி குனிந்து அதைத் திருப்பினார். நம்பர் மூன்று.

அவர் நிமிர்ந்தார். கிராணியிடம் ஏதோ சொன்னார்.

"மூணாம் நம்பர், வெள்ளிக்கிழமை ரயிலு," என்றார் கிராணி.

துணிப்பட்டையைக் கேட்டார்கள். சன்னாசி அண்ணனால் ஒரு கையால் முடிச்சை அவிழ்க்க முடியவில்லை. நான்தான் அவிழ்த்துக் கொடுத்தேன். உதவி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். கஞ்சி போட்டது யார் என்று அவர் சொல்லியிருக்கலாம். கையைக் காட்டினாலே போதும், பக்கத்தில்தான் நின்றேன். அவர் சொல்லவில்லை. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தத் தகரத்தில் எத்தனை ஆணி ஓட்டை இருந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியும்.

ஓடிப்போக முடியாது. ஓடினால் வீட்டில் இருப்பவர்களைப் பிடிப்பார்கள். அவர் தன் நல்ல வேட்டியை மடித்து மனைவியிடம் கொடுத்து, விற்று மரவள்ளி வாங்கிக்கொள்ளச் சொன்னாராம். அக்காதான் வந்து சொன்னார்.

நான் கிராணியிடம் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு முதல் தடவையாக வேறு குரலில் பேசினார்.

"வாய மூடிக்கிட்டு இரு. நீ போய்ச் சொன்னா அவன் போறது நிக்காது. ரெண்டு பேரா போவீங்க."

யோசித்துப் பார்த்தால் நியாயமாகத்தான் பட்டது. ஒருவர் போவதா, இருவர் போவதா என்றால் ஒருவர் போவதுதானே நல்லது? இதை மனசுக்குள் சொல்லிக்கொண்டே கொட்டகைக்கு வந்தேன். அந்த ஒருவர் நானில்லை என்கிற விஷயம் அந்தக் கேள்வியில் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அக்கா மூன்றாம் நம்பர் கூடைகளைத் தொட்டியில் முக்கிக்கொண்டிருந்தார். தண்ணீர் பால் மாதிரி வெளுத்துவிட்டது. அவர் ஒரு கூடையை எடுத்துத் தேய்த்துக் காட்டினார். விளிம்பும் பின்னலும் போயிருந்தன. விலா அத்தனையும் நல்லபடியாக இருந்தது.

"உள்ள நல்லாதான் இருக்கு. மேல பூசினதுதான் கெடுத்திருச்சு," என்றார். கொஞ்ச நேரம் தேய்த்தார். பிறகு என்னைப் பார்க்காமலே, "இதுல நம்பர் எழுதியிருக்கு அண்ணே. யாரு கஞ்சி போட்டாங்கன்னு எழுதல," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. திரும்பி அடுத்த கூடையை எடுத்தார்.

வியாழக்கிழமை காலை, பெரிய அதிகாரி வருவதற்கு முன்னால், எங்கள் அதிகாரியின் அறை வாசலில் போய்க் குனிந்து நின்றேன். ஒரு கையில் இன்னும் கழுவாத மூன்றாம் நம்பர் கூடை, இன்னொரு கையில் ஒரு வாளித் தண்ணீர். எனக்குப் பயம். வாளி ஆடி என் காலெல்லாம் நனைந்துவிட்டது. கூடையை அவர் முன்னால் தண்ணீரில் முக்கினேன். தண்ணீர் வெளுத்தது. விரலை விட்டு நக்கிக் காட்டினேன். கிழங்குக் கஞ்சி, நான் போட்டது, மூன்றாம் நம்பருக்கு இது தெரியாது என்று, கடைசியில் ஒரு பொய்யும் சேர்த்து, கிராணியிடம் சொன்னேன். கிராணி என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு பழைய குரலில் ஜப்பான் மொழியில் சொன்னார்.

அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார். எதற்குப் போட்டாய்? நேராக நிற்பதற்கு என்றேன்.

அவர் வாளியைப் பார்த்தார். மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். மூன்றின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் இரண்டு என்று எழுதினார். கிராணி நினைத்தது தப்பு. அதிகாரிக்கு ஓர் ஆள் போதும். யார் என்பதில் அவருக்குப் பிடிவாதம் இல்லை.

என் துணிப்பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தேன். சன்னாசி அண்ணனுடையதைத் திருப்பிக் கொடுத்தார்கள். கொட்டகைக்குக் கொண்டுபோய் அவர் கையில் நானே கட்டிவிட்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் அதை அவிழ்க்கப் பார்த்தார். இரண்டு முடிச்சாகப் போட்டிருந்தேன், அவிழ்க்க வரவில்லை.

வெள்ளிக்கிழமை முற்பகலில் கோலாலம்பூர் ஸ்டேஷனில், பிடிபட்ட மற்றவர்களோடு என்னையும் சரக்குப் பெட்டியில் ஏற்றினார்கள். சன்னாசி அண்ணன் துணிப்பட்டையைக் காட்டிப் பிளாட்பாரத்துக்குள் வந்துவிட்டார். பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். நான் அவரிடம் அந்த ஒரு டின் கஞ்சியைப் பற்றிப் பேச நினைத்தேன். வாய் வரவில்லை. அதற்குள் ரயில் ஊதியது. அவர் அழுதுகொண்டே, "உன் கூடையெல்லாம் என்ன பண்றது தம்பி?" என்றார்.

இது கேட்கிற கேள்வியா என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கு அது எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? பதில் தெரிந்த கேள்வி அது ஒன்றுதான்.

"கஞ்சிய நல்லாக் கழுவிடுங்க அண்ணே. உசரத்துல மாட்டுங்க. ஈரமே பட விடாதீங்க," என்றேன். அதோடு இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

சயாமைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. தொழிலுக்குச் சம்பந்தமான ஒன்றை மட்டும் சொல்கிறேன். அங்கேயும் கூடைதான். மூங்கில் கூடையில் மண் சுமந்தோம். வேலை முடிந்ததும் எல்லாரும் கூடையை நின்ற இடத்தில் போட்டுவிட்டு விழுந்து கிடப்பார்கள். நான் என்னுடையதைக் கழுவி ஒரு மரத்தில் மாட்டுவேன். மண் ஒட்டாத கூடை கனம் குறைவு. நாள் முழுவதும் தூக்குகிறவனுக்கு அது பெரிய விஷயம். பார்த்துவிட்டு இன்னும் சிலர் கழுவினார்கள். அதனால்தான் நான் பிழைத்தேன் என்று சொல்ல மாட்டேன். கழுவினவர்களும் செத்தார்கள்.

ஜப்பான்காரன் தோற்றபிறகு, ரயிலிலும் லோரியிலும் நடந்தும், மெதுமெதுவாக ஊர் வந்து சேர்ந்தேன். பிரிக்பீல்ட்ஸில் என்னைத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் அடையாளம் தெரியாமல் என்னைக் கடந்து போனார்கள். கூப்பிடத் தெம்பில்லை. கொட்டகைக்குத்தான் போனேன். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை.

கொட்டகை காலி. ஜப்பான்காரன் போன மறுநாளே ஜனங்கள் ஆளுக்கொரு கூடையாக எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். அக்கா மட்டும் ஒரு மூலையில் யாருடைய நாற்காலிக்கோ பிரம்பு பின்னிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த பிரம்பைக் கீழே போட்டுவிட்டு வெளியே ஓடினார். நான் அண்ணாந்து பார்த்தேன். தகரத்துக்குக் கீழே, ஆள் எட்டாத உயரத்தில், ஒரே ஒரு கூடை தொங்கியது. கீழே நின்றால் அதன் அடிப்பாகம் தெரிந்தது. நம்பர் இரண்டு.

சன்னாசி அண்ணன் லயத்திலிருந்து ஓடி வந்தார். தலை நரைத்திருந்தது. நேராக ஏணியைக் கொண்டுவந்து போட்டு ஏறி, அந்தக் கூடையை இரண்டு கையாலும் அடியில் தாங்கி இறக்கி என்னிடம் கொடுத்தார். ஜனங்கள் வந்தபோது ஏணியை ஒளித்துவைத்து, என் நூறில் அது ஒன்றையாவது காப்பாற்றியிருக்கிறார். ஒரு தூசி இல்லை. பூஞ்சணம் இல்லை. கஞ்சி வாடையே இல்லை.

விளிம்பில் கை வைத்தேன். படக் என்று உடைந்தது. இன்னொரு பக்கம் தொட்டேன், அதுவும் உடைந்தது. சூடேறும் தகரத்துக்குக் கீழே, சொட்டுத் தண்ணீர் படாமல், அத்தனை மாதம் தொங்கியிருக்கிறது. பிரம்பு அப்பளம் மாதிரி ஆகிவிட்டது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சயாமில் வராத கோபம் எல்லாம் அங்கே வந்தது. இப்படியா ஒரு கூடையைக் காயப் போடுவார்கள், மாதம் ஒரு தரம் தண்ணீர் காட்ட வேண்டும் என்று தெரியாதா, இத்தனை நாள் கொட்டகையில் என்னதான் கற்றுக்கொண்டீர்கள் என்று கத்தினேன். நிற்கக்கூட முடியாமல் அக்காவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

அவர் உடைந்த துண்டுகளைக் குனிந்து பொறுக்கினார்.

"ஈரமே பட விடாதீங்கன்னு நீதான சொன்ன தம்பி," என்றார். "மழை பேஞ்சா எந்திரிச்சு வந்து பாப்பேன்."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பிறகு அழுதேன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அன்று மத்தியானம் அவர் வீட்டில் எனக்கு மரவள்ளிக் கஞ்சி கொடுத்தார்கள். அவருடைய கடைசிப் பெண்தான் டின்னில் ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள்.

இனி உங்களுக்கு. அந்த இருபது கூடைகளின் வார்னிஷையும் சுரண்டி எடுத்துவிட்டு, பூஞ்சணத்தைக் கழுவி உலர்த்த வேண்டும். பூசியவர் யார் என்று முதலாளி என்னிடம் கேட்டால் எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன். தெரிந்தவர் ஒருவர் உங்களில் இருக்கிறார், அவர் போய்ச் சொல்லட்டும். அதற்காக இப்போதெல்லாம் யாரையும் ரயில் ஏற்றுவதில்லை.

முதலாளி கேட்ட கூடைப் பராமரிப்புக்கு நான் எழுத வேண்டியது ஒன்றுதான் பாக்கி. கூடையில் ஈரம் தங்க விடாதீர்கள், ஆனால் மாதம் ஒரு தரம் தண்ணீர் காட்டி, நிழலில் உலர்த்தி, வேலைக்கு அனுப்புங்கள். ஸ்டேஷனில் இதன் முதல் பாதியைத்தான் சொன்னேன்.